தும்பி நின்ற இடம்

முதன்முறையாக ட்ரோன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே பறக்கவிட்டுவிடுகிறார்கள். மொட்டை மாடியில் வீட்டார் எல்லாரையும் நிற்கவைத்து விசையைத் தள்ளுவார்கள். அது போய் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதி விழும். பிறகு பொருள் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பெட்டி வந்ததும் ஒரு வாரம் கையேட்டை மட்டும் படித்தேன். இறக்கைகளை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டிப் பழகினேன். எந்த இறக்கை எந்தப் பக்கம் சுழலும் என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லும் நிலைக்கு வந்த பிறகுதான் பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், மேடம். ஆரம்பம் இதுதான். நான் எதையும் அவசரத்தில் செய்கிறவன் இல்லை என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதாகப் புரியும்.

பெயர் தட்சிணாமூர்த்தி. ஊர் கரூர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் அடுக்ககத்தில் நான்காவது மாடியில் நானும் என் மனைவி நிஷாவும் இருக்கிறோம். ஏரி தெரியும் வீடு என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள். ஏரி தெரிவதும் உண்மைதான்.

கள்ளிக்குப்பத்தில் நிஷாவின் தம்பி வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் வருவதற்கு முன்னால் அங்கே போய்விடுவேன். ஆள் உயரத்துக்கு ஏற்றி அப்படியே நிறுத்துவது முதல் பாடம். பலருக்கு அது சீக்கிரமே சலித்துவிடும். எனக்குச் சலிக்கவில்லை. ஒரு பொருள் எதையும் தொடாமல், எதனாலும் தொடப்படாமல் காற்றில் நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சுத்தம் இருக்கிறது. அதன் முகம் நம் பக்கம் திரும்பியிருக்கும்போது இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். புதியவர்கள் அங்கேதான் தடுமாறுவார்கள். நான் மைதானத்தில் நான்கு செங்கல்லை வைத்து, அவற்றின் மேல் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நிறுத்திப் பழகினேன். கடைசியில் எந்தக் கல்லை நினைத்தாலும் அதன் மேல் போய் நின்றது.

விதிகள் அதிகம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் ஏற்றக் கூடாது. பேட்டரி தீரும் வரை காத்திருக்காமல் முன்பே திரும்பக் கூப்பிட்டுவிட வேண்டும். ஆட்களின் தலைக்கு நேர் மேலே கொண்டுபோகவே கூடாது. ஆவடிப் பக்கம் ராணுவத் தொழிற்சாலையும் விமானப்படை முகாமும் இருப்பதால் அந்தத் திசைக்கு நான் அதைத் திருப்பியதுகூட இல்லை. எங்கே பறக்கலாம் என்று அரசாங்க வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஏரிக்கு மேல் ஏற்றினேன். இதில் ஒன்றைக்கூட இன்று வரை மீறியதில்லை. நீங்கள் வேறு என்ன எழுதினாலும் இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே இருந்து பார்த்தபோது ஏரி முதலில் அழகாகத்தான் இருந்தது. நீர்க்காகங்கள் கழிகளின் மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தன. ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்ததுபோல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. நிஷாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். ஊட்டிக்குப் போனதுபோல் இருக்கிறது என்றாள். அப்போது கிழக்குக் கரைப் பக்கம் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இறக்கிப் பார்த்தேன். மூட்டைகள்.

அந்த நாற்றம் எங்களுக்குப் புதிது இல்லை. குடிவந்த நாளிலிருந்தே மதியம் காற்று திரும்பினால் பால்கனிக் கதவைச் சாத்திவிடுவோம். சாக்கடை என்று நினைத்திருந்தோம். இப்போதுதான் அது என்னவென்று கண்ணால் பார்த்தேன். கோழிக் குடல், தலை, கால், இறகு. சிமெண்டு மூட்டைகளில் கட்டித் தண்ணீரில் எறிந்திருந்தார்கள். சில மூட்டைகள் வெடித்து, உள்ளே இருந்தது சாம்பல் நிறத்தில் பிதுங்கி மிதந்தது. அதன் மேல் நெளிந்துகொண்டிருந்த வெள்ளையை முதலில் சோறு என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது அது அசைந்தது. நல்ல கேமரா, மேடம். ஒவ்வொரு புழுவும் தனித்தனியாகத் தெரிந்தது. கரையில் ஒரு நாய் நீளமான குடலை இழுத்துக்கொண்டு ஓட, இன்னொரு நாய் மறு முனையைக் கவ்வியது. அன்று நான் சாப்பிடவில்லை.

அந்த இடத்தைச் சுற்றி எப்போதும் பருந்துகள் வட்டமிடும். ஒருநாள் அவற்றில் ஒன்று ட்ரோனின் மேல் பாய்ந்துவிட்டது. பறவை வந்தால் பதறக் கூடாது, நேராக மேலே ஏற்ற வேண்டும். பருந்தால் அந்த வேகத்தில் ஏற முடியாது. நான் ஏற்றினேன், தப்பியது. ஆனால் இறக்கிய பிறகு பார்த்தால் அதன் வயிற்றுப் பக்கத்தில் பருந்தின் நகத்திலிருந்து ஒட்டிய கோழிச் சதை ஒரு துணுக்கு. ஸ்பிரிட் போட்டு மூன்று முறை துடைத்தேன். என்னுடையது என்று நான் சுத்தமாக வைத்திருந்த ஒரே பொருளிலும் அது வந்து ஒட்டிக்கொண்டது.

மூட்டைகளைப் போட்டவர் பரந்தாமன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏரிக்கரை முனையில் கோழிக்கடை வைத்திருந்தவர். பழைய அயனம்பாக்கத்து ஆள். நல்ல உடம்பு. சட்டையில் மேல் பொத்தான்கள் எப்போதும் போட்டிருக்காது. நகங்களின் ஓரத்தில் ரத்தம் காய்ந்து கறுப்புக் கோடாக இருக்கும். அந்தக் கையாலேயே டீ கிளாஸை வாங்கிக் குடிப்பார், அந்தக் கையாலேயே நம் தோளைத் தட்டிப் பேசுவார். நாங்களும் ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுகிறவர்கள்தான். சாதி, சாப்பாடு என்று எனக்கு எந்த வேறுபாடும் கிடையாது. அவர் கடையில்தான் வாங்குவோம். அவர் பையை நீட்டும்போது கை படாமல் வாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான்.

விடியற்காலையில் அவர் வண்டியில் மூட்டையை வைத்துக்கொண்டு வந்து எறிவதைப் படம் எடுத்தேன். எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். படத்தில் நாற்றம் வராது, ஆனாலும் பொத்திக்கொண்டார்கள். பேசி முடித்துவிடலாம் என்று யாரோ பரந்தாமனையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் பின்வரிசையில் நின்று முழுப் படத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், அது நீங்க ஞாயித்துக்கெழம வாங்கினு போற கோழியோட கொடலுதான். கறிய மட்டும் நீங்க எடுத்துக்கினு போய்ட்டா, மிச்சத்த நானு எங்க சார் வச்சுக்கறது? ஊட்ல ஃபிரிட்ஜுலயா?"

கூட்டம் சிரித்தது. முதலில் இரண்டு பேர், பிறகு எல்லாரும். நிஷாவும் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள், ஆனால் தோள் குலுங்கியது. அவனும் சிரித்தான். மன்னிக்க வேண்டும், அவரும் சிரித்தார். பாக்குக் கறை படிந்த பற்கள் எல்லாம் தெரிந்தன. அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

இதைக் காரணமாக எழுதிவிடாதீர்கள். ஒரு சிரிப்புக்காக யாரும் எதையும் செய்வதில்லை. நான் கவலைப்பட்டது ஏரியைப் பற்றி.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரலை மாற்றிக்கொண்டு, செய்தது தப்புதான் என்றார். கழிவு எடுக்கும் வண்டி நினைத்த நாளில்தான் வருகிறது, அதுவரை கடையில் வைத்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்றார். இனிமேல் வண்டிக்காரரை எப்படியாவது பிடித்துவைத்துக்கொள்வதாகவும், இதுவரை போட்ட மூட்டைகளை எல்லாம் தானே இறங்கி எடுத்துவிடுவதாகவும் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். படம் எடுத்த எனக்கு யாரும் தட்டவில்லை. அதுவும் காரணம் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வரவில்லை. கரையில் நின்றால் ஆகாயத்தாமரை மறைக்கிறது, எந்த மூட்டை எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை, என் மிஷின் மேலே நின்று காட்டுமா என்று கேட்டார். நிஷா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நான் திரையில் ஏரியையும் ஊரையும் காட்டினேன்.

"அய்ய, நம்ம ஊடு இம்மாத்தூண்டா கீது," என்றார். பிறகு திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். போகும்போது, இது மிஷின் இல்லை, தும்பி என்றார். அன்றிலிருந்து அவரும் அவர் மனைவி பூங்காவனமும் அதைத் தும்பி என்றே சொன்னார்கள். அவர் குடித்த டீ கிளாஸை நான் குப்பையில் போட்டேன். நிஷா கேட்டதற்குக் கை தவறி உடைந்துவிட்டது என்றேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு தண்ணீரில் இறங்குவதாக இருந்தார். கண்ணாடிச் சில்லு, மீன் முள், எலிச் சிறுநீர், என்னென்னவோ இருக்கும். நான்தான் அம்பத்தூர் போய்த் தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். மூட்டையைக் கட்டி இழுக்க ஒரு நைலான் கயிறும் கொடுத்தேன். கையில் பிடித்தால் வழுக்கும், இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்து காட்டினார். அதிகாரி மாதிரி இருக்கிறது என்று பூங்காவனம் சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

பூட்ஸ் வாங்கும்போதே அந்த எண்ணம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். எனக்கே தெரியவில்லை. கடையில் முழங்கால் அளவும் இருந்தது. நான் தொடை அளவைக் கேட்டு வாங்கினேன். அது மட்டும் உண்மை.

காலையில் கடை திறப்பதற்கு முன் வேலை நடக்கும். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு, நாற்றம் படாத பக்கமாகக் கரையில் நிற்பேன். ட்ரோனை ஏற்றி ஒரு மூட்டையின் மேல் நிறுத்துவேன். தலைக்கு மேல் பறக்கக் கூடாது என்பதால் எப்போதும் அவருக்குச் சற்று முன்னால்தான் வைத்திருப்பேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே முழங்காலுக்குச் சற்று மேல் வரும் தண்ணீரில் நடப்பார். மூட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் விலக்குவேன். அவர் கயிற்றை முடிந்து இழுத்துக்கொண்டு வருவார். கரையில் பூங்காவனம் வாங்கிக் குவிப்பார். சில மூட்டைகள் தூக்கும்போதே கிழிந்து அவர் மார்பில் கொட்டும். அவர் அதைக் கையால் வழித்து எறிந்துவிட்டு மேலே தும்பியைப் பார்த்துத் தலையாட்டுவார், அடுத்தது எங்கே என்று. திரையில் அந்த முகம் என்னை நேராகப் பார்க்கும். சிரித்த முகம். தாடியில் என்னவோ ஒட்டியிருக்கும்.  நான் ட்ரோனை அடுத்த மூட்டைக்கு நகர்த்துவேன்.

கொஞ்ச நாளில் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று அவரோடு பேசினார்கள். எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் பூங்காவனத்துக்கு இட்லி கொடுத்தனுப்பினார்கள். ஏரியைச் சுத்தம் செய்யும் கறிக்கடைக்காரர் என்று யாரோ படம் போட்டு, அது கைபேசி கைபேசியாகச் சுற்றியது. படத்தின் மேல் மூலையில் ஒரு புள்ளியாக என் ட்ரோன் தெரிந்தது. வேலை முடிந்ததும் அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். என்னையே வரவேற்றுப் பேசச் சொன்னார்கள். நல்ல மனுஷன் என்று நிஷா சாப்பிடும்போது சொன்னாள். கொட்டியவனும் அவனேதான் என்று நான் நினைவுபடுத்தினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஒரு விவரத்தை விட்டுவிட்டேன். கோடையில் ஏரி வற்றியபோது மேலே இருந்து ஒன்றைப் பார்த்திருந்தேன். சுற்றிலும் வெடித்த சேறு. நடுவே ஒரு கறுப்புச் சதுரம், அதில் மட்டும் தண்ணீர். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் குட்டை. விளிம்புகள் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தன. எப்போதோ யாரோ இயந்திரம் வைத்து மண் அள்ளிய பள்ளம். ஊரில் எல்லாரும் மண் அள்ளியது எதிர்க்கரையில்தான் என்று நினைத்திருந்தார்கள். மழை பெய்து ஏரி நிரம்பியதும் அதன் மேல் ஆகாயத்தாமரை படர்ந்துவிட்டது. கரையில் நிற்கிறவருக்கு அங்கே ஒரு வேறுபாடும் தெரியாது. பரந்தாமனுக்கும் தெரியாது. இந்த ஏரியில் எனக்குத் தெரியாத இடமா சார், எங்கே நின்றாலும் முழங்காலுக்குச் சற்று மேல்தான் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் மறுத்ததில்லை. புதியவன், ஏரியைப் பற்றி அவருக்கு நான் என்ன சொல்வது.

பொன்னாடைக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம் ஏரி முழுவதும் ஒரு சுற்று பறந்து பார்த்தேன். வெள்ளையாக எதுவும் இல்லை. மறுபடியும் தாழ்வாகப் பறந்து பார்த்தேன். ஒரு மூட்டைகூட இல்லை. சொன்னபடி முடித்துவிட்டார். தண்ணீர் தெளிந்திருந்தது. நான் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. பால்கனியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். நாற்றம் இருந்தது. நிஷா இல்லை என்றாள். எனக்கு இருந்தது.

அவருக்குப் போன் செய்து இன்னும் ஒரு மூட்டை மிச்சம் இருக்கிறது என்றேன்.

"அப்டியா சார்? அல்லாத்தியும் எடுத்துட்டம்னு நெனச்சேன். நீங்க பாத்துச் சொன்னா சரி, நாளைக்கு எடுத்துர்லாம்," என்றார்.

மறுநாள் காலையில் காற்று இல்லை. பறக்கவிட நல்ல நேரம். பூங்காவனம் கரையில் நின்றார். வேறு யாரும் அப்போது அந்தப் பக்கம் இல்லை. பரந்தாமன் பூட்ஸை மாட்டி, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் ட்ரோனை ஆகாயத்தாமரைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். செங்கல்லின் மேல் நிறுத்திப் பழகிய அதே துல்லியம்.

அவர் பாதித் தூரம் போனதும் பூங்காவனம் குரல் கொடுத்தார். "இன்னாயா, அங்க ஒண்ணியும் காணோமே. போதும், மேல வா."

அவர் நின்றார். கரையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தும்பியைப் பார்த்தார். நான் அதை அசைக்கவில்லை.

"தும்பி நிக்குதில்ல," என்றார். "அடியில கெடக்கும்."

போனார். ஆகாயத்தாமரையை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டே போனார். பிறகு ஒரே அடியில் காணாமல் போனார். தள்ளாட்டம், சத்தம் எதுவும் இல்லை. படிக்கட்டில் ஒரு படி இல்லை என்றால் எப்படி இருக்குமோ அப்படி. அவருக்கு நீச்சல் தெரியும். ஒருமுறை மேலே வந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, கயிறு தண்டில் சிக்கிக்கொண்டது என்று நினைக்கிறேன். ஒரு கையை உயர்த்தினார். கரைப் பக்கமாக இல்லை, மேலே. தும்பியைப் பார்த்து உயர்த்தினார். முகத்தில் பயம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்துவிட்டாய் அல்லவா என்று கேட்பதுபோல் இருந்தது. திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு கையும் போய்விட்டது. ஆகாயத்தாமரை ஆடி ஆடி ஒன்று சேர்ந்துகொண்டது.

பூங்காவனம் கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கினார். நான் ட்ரோனைத் திரும்பக் கூப்பிட்டேன். இயந்திரம் வானத்தில் இருக்கும்போது வேறு காரியத்தில் இறங்கக் கூடாது. முதலில் அதைப் பத்திரமாக இறக்க வேண்டும். இறக்கினேன். இறக்கைகள் முழுதாக நின்ற பிறகு பேட்டரியைக் கழற்றினேன். மடித்துப் பையில் வைத்தேன். அதன் பிறகு ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் போன் செய்தேன். முதலில் போன் செய்தவன் நான்தான். உங்கள் ஸ்டேஷன் பதிவிலும் அது இருக்கும்.

மதியத்துக்குள் உடலை எடுத்தார்கள். தவறி விழுந்து இறந்ததாக எழுதி முடித்தார்கள். நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். அந்த வீட்டில் ஊதுபத்தியையும் மீறி ஏரி நாற்றம் இருந்தது. பொன்னாடைக்கு என்று வாங்கி வைத்திருந்ததைச் சங்கத்தார் அவர் மேல் போர்த்தினார்கள். நிஷா அழுதாள். நான் அவர் கையைப் பார்த்தேன். யாரோ நகத்தை எல்லாம் சுத்தம் செய்திருந்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு பூங்காவனம் என் வீட்டுக்கு வந்தார். அவரும் உள்ளே வரவில்லை.

"சார், மெய்யாலுமே அங்க மூட்டை இருந்திச்சா?" என்று கேட்டார்.

இருந்தது அம்மா, நான் பார்த்தேன் என்றேன். இல்லை என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும். அதற்காகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் தண்ணீரில் இறங்க ஆரம்பித்தார். காலையில் ஒரு நீளக் கழியை எடுத்துக்கொண்டு வந்து, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்குகிறார். கணவர் ஒப்புக்கொண்ட வேலையில் ஒரு மூட்டை நின்றுபோனால் செத்தவருக்கு ஆகாதாம். அதை எடுத்துவிட்டால் மனம் ஆறும் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாராம். கரையோரத்திலிருந்து குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறார். தெளிந்திருந்த தண்ணீர் முழுக்கச் சேறாகிவிட்டது. திரும்பி வரும்போது முடியில் சேறு, கையில் வேர், புடவை உடம்போடு ஒட்டி, வாய் கோணி, மூக்கு ஒழுக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வருவார். காலையில் காப்பிக் குவளையோடு பால்கனிக்கு வந்தால் கண் முன்னால் அதுதான். நிஷா இப்போது அவரோடு போய்க் கரையில் நிற்கிறாள். வீட்டுக்கு வரும்போது அவள் மேலும் அந்த நாற்றம். நான் தனி அறையில் படுக்கிறேன்.

அந்த அம்மாளைத் தடுக்கச் சொல்லித்தான் இன்று உங்களிடம் புகார் கொடுக்க வந்தேன். இல்லாத மூட்டையைத் தேடி ஏரியைக் கலக்குகிறார் என்று சொன்னேன். நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் பிழை கண்டுபிடிக்கிறவன், நல்ல கேள்வியை மதிப்பேன். அதனால்தான் மறைக்காமல் இவ்வளவும் சொன்னேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் இன்றைக்கே யாரையாவது அனுப்பி அந்த அம்மாளிடம் சொல்லிவிடுங்கள். அங்கே மூட்டை இல்லை. முந்தின நாள் சாயங்காலமே ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும். பள்ளம் இருந்த இடமும் தெரியும். பரந்தாமன் வருவார் என்று தெரிந்துதான் தும்பியை அங்கே நிறுத்தினேன். அவரைக் கொன்றது நான்தான். இதைக் கேட்டால் நாளையிலிருந்து அந்த அம்மாள் இறங்க மாட்டார். அந்த இடம் ஆபத்தானது, மேடம். விவரம் தெரியாதவர்களை அங்கே விடக் கூடாது.